ஸ்மூத்னிங் செய்த முடியை வெட்டாமல் சொந்தச் சுருட்டைக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி இது: “மூன்று முறை ஸ்மூத்னிங் செய்திருக்கிறேன். இப்போது வேரிலிருந்து நெளியும் சுருட்டையுமாகப் புது முடி வருகிறது. இனி டச் அப் (புதிதாக வரும் முடியையும் மருந்து போட்டு நேராக்குவது) செய்ய விருப்பமில்லை. மொட்டையாக வெட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. என் சொந்த முடியை இடுப்பு வரை வளர்க்க முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?”

முடியும். முதலில் காலக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் அது தெரியாமல்தான் எட்டாவது மாதம் மறுபடி பார்லர் வாசலில் நிற்கிறார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளரும், வருடத்துக்கு 12 முதல் 15 செ.மீ. உச்சியிலிருந்து தோள் வரை சுமார் 30 செ.மீ., இடுப்பு வரை 65 முதல் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், தோளைத் தொட இரண்டு வருடத்துக்குச் சற்று மேல், இடுப்புக்கு ஐந்து வருடத்துக்கு மேல். அதுவும் முடியை இழுத்துப் பிடித்து அளந்தால் வரும் நீளம். நெளி முடி தொங்கும்போது கொஞ்சம் சுருங்கும். நல்ல சுருட்டை பாதியளவுக்கே காட்டும்.

ஒரு முடி வேரில் தொடர்ந்து வளரும் காலம் ஆளுக்கு ஆள் 2 முதல் 7 வருடம். அது முடிந்தால் இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிர்ந்துவிடும், அதே குழியில் அடுத்தது முளைக்கும். ஆகவே எல்லோருக்கும் இடுப்பு வரை வராது. பள்ளிக்கூட வயதில் உங்கள் பின்னல் எதுவரை தொங்கியது என்று நினைத்துப் பாருங்கள். அப்போது இடுப்பைத் தொட்டிருந்தால் உங்கள் முடிக்கு அந்த ஆயுள் இருக்கிறது. வயதும் உடல்நிலையும் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

“எனக்கு முடியே வளர மாட்டேன் என்கிறது” என்பவர்களில் பெரும்பாலோருக்கு வளர்ச்சியில் குறை இல்லை. மாதம் 1 செ.மீ. வேரில் வருகிறது, நுனியில் 1 செ.மீ. ஒடிந்து போகிறது, பின்னல் அதே இடத்தில் நிற்கிறது. சீப்பில் வருவதை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை போவது இயல்பு. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகளாக வந்தால் அது ஒடிந்தது. கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த ஒடிதலைத் தடுக்கும் வேலைதான்.

அடுத்து, உங்கள் தலையில் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்லர் பலகையில் எழுதியிருக்கும் பெயரை நம்ப முடியாது.

ரீபாண்டிங், ஸ்மூத்னிங், பெர்மனென்ட் ஸ்ட்ரெய்ட்னிங் என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் தயோகிளைகோலேட் கிரீம்கள். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அவை உடைக்கின்றன. பிறகு இஸ்திரி வைத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது கிரீமால் அந்த நேரான நிலையிலேயே பிணைப்புகளைப் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டிய முடி திரும்பச் சுருளாது. எந்த எண்ணெயும், எந்த மாஸ்க்கும், எந்த சீரமும் சுருட்டையைத் திருப்பித் தராது. புதிதாக வளர்வதுதான் உங்கள் முடி.

கெரட்டின், ‘போடாக்ஸ்’ என்று விற்பவை வேறு. ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்சிலிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவி, 200 டிகிரிக்கு மேல் சூட்டில் இஸ்திரி போடுவார்கள். இது மூன்று முதல் ஐந்து மாதத்தில் கழுவிக் கழுவிப் போய்விடும். இதை மட்டும் செய்தவர்கள் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். ஆறு மாதம் பொறுத்தால் பழைய முடியிலேயே சுருள் திரும்புகிறதா என்று தெரிந்துவிடும். இஸ்திரிச் சூட்டில் வெந்த பகுதி மட்டும் திரும்பாது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதியிருந்தாலும், கிளையாக்சிலிக் அமிலம் சூடேறும்போது அது உண்டாகலாம். கண் எரிந்து மூக்கில் நீர் வந்ததென்றால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வகை சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம் சேர்ந்த ரிலாக்ஸர். நம் ஊர்ப் பார்லர்களில் அதிகம் கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் டப்பாவாக வாங்கிப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தியது இதைத்தான். அதைக் கைவிட்டுச் சொந்த முடிக்குத் திரும்பும் காலத்தை அவர்கள் ‘டிரான்சிஷன்’ என்று அழைத்தார்கள். ஒரே இழையில் இரண்டு வித முடியை வைத்துக்கொண்டு சமாளிக்கும் நுட்பங்கள் பெரும்பாலும் அவர்களிடமிருந்து வந்தவைதான். 2022-ல் அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், முடியை நேராக்கும் வேதிப்பொருட்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. நேரடிக் காரணம் என்று அது நிறுவவில்லை. தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஒன்று மட்டும் கட்டாயம்: ஹைட்ராக்சைடு போட்ட முடியின் மேல் தயோகிளைகோலேட்டோ, மாற்றியோ போடக் கூடாது. இழை கொத்தாகக் கையோடு வந்துவிடும்.

இனி முக்கியமான இடம்: புது முடியும் பழைய முடியும் சந்திக்கும் கணு. மேலே சுருள், கீழே வேதிப்பொருளால் வலுவிழந்த கோரை முடி. சீப்பை இழுக்கும்போது சுருள் பகுதி வில்போல நீண்டு கொடுக்கும், கீழ்ப் பகுதி கொடுக்காது. இழுவிசை முழுவதும் அந்தக் கணுவில் போய் நிற்கும். ஒடிவதெல்லாம் அங்கேதான். ஆறாவது மாதத்திலிருந்து முடி திடீரென்று அடர்த்தி குறைந்தாற்போல் தோன்றுவதும் இதனால்தான். இதற்குப் பயந்து டச் அப் செய்தால், ஏற்கெனவே மருந்து பட்ட பகுதியின் மேல் கிரீம் வழிந்து, கணு இருந்த இடம் இன்னும் நைந்துபோகும்.

தலைக்குக் குளிக்கும் நாளில்தான் ஒடிதல் அதிகம். அதை வரிசையாகச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை போதும்.

குளிப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய். முதுகின் நடு வரை முடி இருந்தால் இரண்டு மூன்று தேக்கரண்டி. கணுவிலிருந்து நுனி வரை தடவுங்கள், மண்டையில் தேய்க்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயையே சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் பெரும்பங்கு லாரிக் அமிலம். மூலக்கூறு சிறியது, நேரானது, இழைக்குள் நுழையும். 2003-ல் வெளியான ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். தண்ணீரில் முடி ஊதிப் பருப்பதையும் அது குறைக்கிறது. குளித்த பின் எண்ணெய் வைப்பதைவிட முன்பு வைப்பதில்தான் பலன். விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. அது கெட்டியான பிசுபிசுப்பு. தனியாகத் தலை நிறையத் தேய்க்காதீர்கள். விளக்கெண்ணெய் வைத்துக் குளித்தவுடன் முடி முழுவதும் ஒரே திரளாக இறுகி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

எண்ணெய் இருக்கும்போதே விரலால் பெரிய சிக்குகளை எடுத்துவிடுங்கள். முடியை நான்கு பாகமாகப் பிரித்துத் தளர முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். கழுவுவதும் அப்படியே பாகம் பாகமாக. எல்லாவற்றையும் உச்சியில் குவித்து வட்டமாகத் தேய்த்தால் நீங்களே சிக்கை உண்டாக்குகிறீர்கள்.

ஷாம்பு 10 மில்லியை ஒரு டம்ளர் நீரில் கலந்து மண்டையில் மட்டும் ஊற்றி விரல் நுனியால் தேயுங்கள். வழியும் நுரையே நீளத்துக்குப் போதும். சல்பேட் இல்லாத ஷாம்பு சுருட்டைக்கு இதமானது. எண்ணெய் அதிகம் வைத்தால் அது சரியாகப் போக்காது, அப்போது சாதாரண ஷாம்பு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சீயக்காய், அரப்பு பிடித்தவர்கள் தூளை வடிகஞ்சியில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். தூளாகத் தேய்த்தால் துகள்கள் சுருளுக்குள் சிக்கிக்கொண்டு உராயும். எடுப்பதற்குள் பத்து முடி ஒடியும். தலையை மொரமொரவென்று வறளச் செய்வதும் அதுதான்.

அடுத்தது கண்டிஷனர். இங்கே கஞ்சத்தனம் கூடாது: 20 முதல் 30 மில்லி, கணுவிலும் நுனியிலும் நன்றாக. முடி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த நிலையில்தான் சீப்பு. பல் அகலமான சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே. சீவும் இடத்துக்கு மேலே, கணுவை இன்னொரு கை இறுகப் பற்றியிருக்க வேண்டும், இழுவை அந்தக் கையோடு நின்றுவிடும். இந்த ஒரு பழக்கம் எந்த விலையுயர்ந்த மாஸ்க்கையும்விட அதிக முடியைக் காப்பாற்றும். கண்டிஷனருக்குப் பதில் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பும் வழுவழுப்புக்கு உதவும், ஆனால் வடிகட்டாமல் போடாதீர்கள்.

அலசியதும் துண்டால் முடியைப் பட்டுப் பட்டென்று தட்டித் துவட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கோரை முடி அதைத் தாங்கும், கணுவுள்ள முடி தாங்காது. ஈரிழைத் துண்டிலோ பழைய பருத்திப் பனியனிலோ கசக்கிப் பிழிந்து, நீரை ஒற்றி எடுங்கள். சாம்பிராணிப் புகை காட்ட விரும்பினால் காட்டலாம், முடியைத் தணலுக்கு அருகே கொண்டுபோகாமல்.

சொட்டு நீர் நின்றதும் லீவ்-இன் கண்டிஷனர் (தடவி அலசாமல் விடுவது) ஒரு நெல்லிக்காய் அளவு, அதன் மேல் ஆளி விதை ஜெல். கால் கப் ஆளி விதை, இரண்டு கப் தண்ணீர், மிதமான தீயில் கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். முட்டை வெள்ளைக் கரு பதம் வந்ததும் இறக்கிச் சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறினால் வடியவே வடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். இந்த ஜெல் காய்ந்து மொடமொடப்பானால் பயப்பட வேண்டாம், முழுதும் உலர்ந்த பின் கையால் கசக்கினால் இளகும். கடையில் வாங்கும் ஜெல்லின் பொருள் பட்டியலில் கிளிசரின் முதலிடங்களில் இருந்தால், அது சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து முடியை உப்பவைக்கும். புழுக்கம் குறைந்த ஊர்களில் அதே ஜெல் நன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம்.

மேலே சுருள், கீழே கோரை என்று இருக்கும்போது விரித்துவிட்டால் பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க எளிய வழி, முக்கால் பங்கு உலர்ந்ததும் நான்கு முதல் ஆறு தளர்ந்த பின்னல்கள் போட்டு, நுனியைத் துணி நாடாவிலோ வளையும் ஸ்பாஞ்ச் ரோலிலோ சுருட்டிவைப்பது. முழுதும் உலர்ந்த பின் அவிழ்த்தால் மொத்த நீளமும் ஒரே நெளிவாகத் தெரியும். ஈரம் இருக்கும்போது அவிழ்த்தால் மதியத்துக்குள் கீழ்ப் பாதி மறுபடி நேராகிவிடும். மேலே வரும் சுருளை இஸ்திரி போட்டுக் கீழோடு பொருத்துவதுதான் செய்யக் கூடாதது. புது முடியும் வெந்துபோனால் காத்திருந்த மாதங்கள் வீண். தவிர்க்க முடியாத விசேஷத்துக்கு ஒரு நாள் என்றால், முழுக்க உலர்ந்த முடியில், 180 டிகிரிக்குள், ஒரே இழுப்பு. ஈர முடியில் சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழைக்குள் குமிழ் விழும், அந்த இடத்தில் ஒடியும்.

உலர்ந்த சுருட்டையைச் சீப்பால் வாராதீர்கள். இரவில் தளர ஒற்றைப் பின்னல், சாட்டின் தலையணை உறை. இறுக்கிப் போடும் குதிரைவால், நெற்றி மயிர் வலிக்க இழுக்கும் பின்னல், கனமான சவுரி ஆகியவை தொடர்ந்தால் நெற்றியோரமும் காதோரமும் மயிர்க்கால் நிரந்தரமாகச் சாகும். பின்னி முடித்ததும் தோல் விண்ணென்று வலித்தால் அவிழ்த்துப் போடுங்கள். ஒரே கொண்டையைத் தினமும் கணு இருக்கும் உயரத்தில் போடுவதும் ஆகாது, இடத்தை மாற்றிக்கொண்டிருங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒடிகிறது என்றால், ஈரமான ஒரு முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பினால் நலம். ஜவ்வாக நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரதச் சிகிச்சை தேவை: ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம் என்று எழுதிய மாஸ்க், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. முட்டையைப் பூசுவதால் அந்த வேலை நடக்காது, அதன் புரத மூலக்கூறு இழைக்குள் போக முடியாத அளவு பெரியது. நீளாமல் படக்கென்று முறிந்தால் புரதத்தை நிறுத்திவிட்டு, கண்டிஷனரைக் கூட்டுங்கள். வாரம் தவறாமல் அரிசி ஊறிய நீர் ஊற்றுபவர்களுக்கு முடி விறைத்துப் போவது அடிக்கடி கேட்கும் புகார்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படியும். எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் முடி சொரசொரப்பாக, சோப்பு நுரைக்காமல் இருந்தால் அதுதான். கடைசி இரண்டு குவளை மட்டும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். மாதம் ஒருமுறை ஈடிடிஏ சேர்ந்த கிளாரிஃபையிங் ஷாம்பு, அல்லது ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அலசி மறுபடி நல்ல நீர். எலுமிச்சையை நேராகப் பிழியாதீர்கள்.

பொடுகு இருப்பவர்கள் மண்டையில் எண்ணெய் ஊறவைக்கவே வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் வாழ்வதே எண்ணெயின் கொழுப்பமிலங்களை உண்டுதான். கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் வைத்து அலசுவது, நான்கு வாரம். ஷாம்பு நீளத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடியை வறளவைக்கும்.

குமிழோடு கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தால் கதை வேறு, தலைக்கு மேல் தடவும் எதுவும் உதவாது. இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள்: டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஏதாவது இருந்ததா? இருந்தால் பெரும்பாலும் தானாக ஆறு மாதத்தில் அடங்கும். இல்லையென்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, வைட்டமின் டி பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடக்கும் பெண்கள் ஏராளம். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். இட்லி, சாதம், ரசம் என்று ஓட்டினால் வராது. ஒரு முட்டை 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டல் ஏறத்தாழ 8 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். பயோட்டின் குறைபாடு அரிது, கடையில் வாங்கிச் சாப்பிட அவசியமில்லை. சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி, தைராய்டு பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். முடிவைத் தவறாகக் காட்டும். வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெட்டுவதைப் பற்றி. ஒரேயடியாக வெட்ட மனமில்லை என்றால், எட்டு முதல் பத்து வாரத்துக்கு ஒருமுறை 2 முதல் 3 செ.மீ. கோரை நுனியை எடுத்துக்கொண்டே வாருங்கள். இதே அளவுதான் மேலே வளர்கிறது, ஆகவே தோற்றத்தில் நீளம் குறையாது. ஏறத்தாழ அதே நீளத்தில் நின்று, உள்ளுக்குள் பழையது போய்ப் புதியது வருகிறது. தோள் நீள முடி இப்படி முழுதாக மாற இரண்டு, இரண்டரை வருடம். நுனி வெடித்தால் அட்டவணை பார்க்காமல் அந்த வாரமே வெட்டுங்கள், வெடிப்பு மேலே ஏறும். நுனி வெட்டினால் வேரில் வேகமாக வளரும் என்பது பொய்.

கடைசியாக நான்கைந்து செ.மீ. கோரை மீதம் இருக்கும்போது பொறுக்க வேண்டியதில்லை, அப்போதே எடுத்துவிடலாம். முடியை நனைத்து, கற்றை கற்றையாகப் பிரியுங்கள். ஈரத்தில் சுருள் எங்கே முடிகிறது, நேர் முடி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அந்த இடத்துக்கு அரை செ.மீ. மேலே கத்தரி. உருவத்தை மட்டும் நனைந்த முடியில் அமைக்கச் சொல்லாதீர்கள். உலரும்போது உச்சிச் சுருள் ஓர் அளவும் பிடரிச் சுருள் வேறு அளவும் ஏறும். ஆகவே கோரையை எடுத்த பிறகு உலரவைத்து, உலர்ந்த நிலையில் ஓரங்களைச் சமன் செய்யத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். கத்தரியை எடுக்கும் முன் சீப்பால் வாரி நேராக்க முனைகிறவரிடம் உட்கார வேண்டாம்.